நஜ்மாவுக்குப் போகும் வழி

சென்னையில் நான் பதினோரு வாடகை வீடுகளில் குடியிருந்திருக்கிறேன். திருமுல்லைவாயலில் பிறந்த வீடும் வாடகைதான். பதினோரு மாத ஒப்பந்தம் முடிகிற ஒவ்வொரு முறையும் அப்பா வீட்டுக்காரரோடு சண்டை போட்டுக்கொண்டு அடுத்த தெருவுக்குக் குடிபெயர்வார். அந்த வீடுகளில் ஏதாவது ஒன்றை முழுசாகச் சொல்லு என்றால் எனக்குச் சொல்லத் தெரியாது. ஒன்றில் குளியலறைக் கதவு மூடாது. இன்னொன்றில் மாடிப்படிக்கு அடியில் யாரோ விட்டுப்போன அம்மி கிடந்தது. அவ்வளவுதான் மிச்சம். வாழ்ந்த வீட்டின் ஞாபகம் இப்படி ஓட்டை விழுந்துதான் இருக்கும் என்று நம்பினேன். அந்த நம்பிக்கையை ஓர் இயந்திரத்துக்கும் கற்றுக்கொடுத்தேன்.

இயந்திரத்துக்கு அலுவலகப் பெயர் இடநினைவு மானி. ஜோர்டானின் அம்மான் நகரத்தில் அதற்கு வாய்த்த பெயர் சலூன். பெண்கள் முடி உலர்த்துகிற கூண்டு மாதிரி தலைக்கு மேல் வந்து இறங்கும். மனு கொடுத்தவர்கள் வரிசையில் உட்கார்ந்துகொண்டு, "சலூனுக்கு இன்னும் எத்தனை பேர்?" என்று கேட்டுக்கொள்வார்கள்.

அகதிகள் ஊர் திரும்புவதற்கான ஒப்பந்தம் கையெழுத்தாகி இரண்டு வருடம் ஆகியிருந்தது. ராணுவப் பயிற்சி நிலம் என்று அறிவித்து இடித்துத் தள்ளிய பாலஸ்தீன மலைக்கிராமங்களுக்கு, அங்கே வாழ்ந்தவர்கள் மட்டும் திரும்பிப் போகலாம். அந்த 'மட்டும்' என்ற சொல்லில்தான் எல்லாம் சிக்கிக்கொண்டது. பத்திரம் காட்டினால், ஊரை இடித்த தரப்பினர் போலி என்றார்கள். பத்திரம் வீட்டோடு புதைந்துவிட்டது என்றால், அப்படியானால் வீடே இருந்ததில்லை என்றார்கள். சாட்சி சொல்ல வந்த பக்கத்து வீட்டுக்காரரும் அகதி, அவர் வாக்கும் செல்லாது. கடைசியில் இரண்டு தரப்பும் ஒப்புக்கொண்ட ஒரே சாட்சி, அம்பத்தூர் தொழிற்பேட்டையில் நாற்பது பேர் வேலை பார்க்கிற எங்கள் கம்பெனி செய்த கூண்டு. அறுபது மதிப்பெண்ணுக்கு மேல் வந்தால் உங்களுக்கு வீடு இருந்தது. கீழே வந்தால் இல்லை. மனுக்களை முடிவு செய்ய இரண்டு தரப்பும் சேர்ந்து அமைத்த ஆணையம் வேறு எந்தச் சான்றையும் பார்க்காது.

எனக்கு மொழிபெயர்ப்பாளராக ஆணையம் அனுப்பிய இளைஞர் ஹிஷாம். விமான நிலையத்தில் என் பெயர் எழுதிய அட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றவர், "வாங்ணா, மாசிலாமணிங்களா? டீ குடிச்சுட்டுப் போலாமுங்களா?" என்றதும் பெட்டியைக் கீழே வைத்துவிட்டேன். ஜோர்டானில் இர்பித் ஊரில் பிறந்த பாலஸ்தீனர். கோயம்புத்தூரில் நான்கு வருடம் மருந்தியல் படித்தவர். என்னை முதல் நாளே 'மணிங்ணா' ஆக்கிவிட்டார்.

"ஏனுங்ணா, ஒருத்தரு நெசமாலுமே அந்த ஊட்ல இருந்தாரா, இல்ல மனப்பாடம் பண்ணிட்டு வந்தாரான்னு இந்தக் கூண்டுக்கு எப்புடிங் தெரியும்?" என்று முதல் வாரத்திலேயே கேட்டார்.

"மண்டைக்குள்ள இடத்துக்குன்னு தனியா செல் இருக்கு, ஹிஷாம். கண்ணை மூடிக்கிட்டு உன் வீட்டுக்குள்ள மனசால நடந்தா, வாசலுக்கு ஒண்ணு மின்னும், சமையக்கட்டுக்கு ஒண்ணு மின்னும். அதைப் பிடிச்சுப் பிடிச்சு மெஷின் வீட்டோட படத்தைப் போட்டுடும்."

"மனப்பாடம் பண்ணுனவனுக்கும் மின்னுமுங்களே?"

"மின்னும். ஆனா எப்பவும் ஒரே வரிசையில, ஒரே வேகத்துல மின்னும். வாய்ப்பாடு ஒப்பிக்கிற மாதிரி. நிஜமா இருந்தவனுக்குத் தாறுமாறா வரும். பாதி இருக்காது. மீதி இடம் மாறிக் கிடக்கும்."

சென்னையில் வீடு மாறிய இருநூறு பேரையும், தங்களுடையதல்லாத ஒரு வீட்டை இரண்டு மாதம் உருப்போட்ட அறுபது நாடக மாணவர்களையும் கூண்டுக்குள் உட்காரவைத்து நான் இதைக் கண்டுபிடித்திருந்தேன். நூற்றுக்குத் தொண்ணூற்றேழு முறை இயந்திரம் சரியாகச் சொன்னது. அந்தத் தொண்ணூற்றேழைப் பிள்ளையின் மதிப்பெண் மாதிரி எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

"அப்ப எனக்கு எவ்வளவுங்ணா போடும்?"

"நீ அங்க இருந்ததே இல்லையேப்பா."

"ஆமாங்ணா. எங்க தாத்தா இருந்தாரு. எனக்குச் சலூன்ல வேலை இல்லீங்" என்று சிரித்தார் ஹிஷாம். நானும் சிரித்தேன். இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

இப்திசாம் வந்தது நான்காவது மாதம். ஐம்பத்தெட்டு வயது. ஸர்கா நகரத்தில் ஒரு மருத்துவமனையில் முப்பது வருடமாக எக்ஸ்ரே எடுப்பவர். நஜ்மா என்ற சின்ன ஊர்க்காரர். பதினோரு வயதில், ஒரு நாள் காலையில், இரண்டு மணி நேர அவகாசத்தில் ஊரை விட்டு வந்தவர். கூண்டு அவருக்குக் கொடுத்தது முப்பத்து நான்கு. 'பயிற்றுவிக்கப்பட்ட நினைவு' என்று கடிதம் போயிற்று. நாகரிகமான சொல். யாரோ சொல்லிக்கொடுத்த பொய்யை ஒப்பிக்கிறாய் என்று அர்த்தம்.

மறுநாள் காலை அந்தக் கடிதத்தோடு என் அறைக்குள் வந்து உட்கார்ந்துவிட்டார். அவர் அரபியில் பேசியதை நான் ஹிஷாமின் கோவைத் தமிழில்தான் கேட்டேன். அப்படியேதான் எழுதவும் முடியும். அவர் திட்டிய திட்டுக்கெல்லாம் ஹிஷாம் ஒரு 'ங்க' சேர்த்துவிடுவார்.

"யாரோ சொல்லிக் குடுத்ததுன்னு போட்டிருக்குதுங்களே, இதை யாருங்க எழுதுனதுன்னு கேக்கறாங்க."

"மெஷின் எழுதினது."

"மெஷினுக்கு அப்புடி எழுதோணும்னு யாருங்க சொன்னதுன்னு கேக்கறாங்க."

நான் கடிதத்தை வாங்கிப் படிப்பது போலப் பாவனை செய்தேன்.

"முப்பது வருசமா மெஷினுக்கு அடியில ஆளுகளப் படுக்க வெக்கறவங்க நானு. படம் சரியா உழுகலைன்னா மறுக்கா எடுப்போம். கால் முறிஞ்சு வந்தவனப் பார்த்து நீ பொய் சொல்றேன்னு சொல்ல மாட்டோமுங்க" என்றார் இப்திசாம். பிறகு குரல் மாறியது. "எங்கண்ணன் அத்னான் சிலி நாட்டுல இருக்கறான். நஜ்மான்னு பேச்செடுத்தாலே எந்திரிச்சுப் போயிருவான். என்ற தொல்லை தாங்காம சலூன்ல வந்து உக்காந்தான். அவனுக்கு எம்பத்தெட்டாமுங்க! திரும்பி வர்றியாடான்னு கேட்டா, அங்க எனக்கு என்ன இருக்குதுங்கறான். அவன் வரமாட்டான். எனக்குக் கதவு தொறக்காது. என்னுங்க நாயம் இது?"

ஒரே வீடு, அண்ணனுக்கு எண்பத்தெட்டு, தங்கைக்கு முப்பத்து நான்கு. அப்போதுதான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

இரண்டு பதிவுகளையும் திரையில் பக்கத்தில் பக்கத்தில் போட்டேன். அத்னானின் வீட்டில் சமையலறை இரண்டு இடத்தில் இருந்தது. முற்றத்துக்கு எல்லையே இல்லை. ஒரு சுவர் பாதியில் நின்றது. என் திருமுல்லைவாயல் வீடுகளைப் போலவே அழகான ஓட்டை ஞாபகம். இப்திசாமின் வீடு கட்டட வரைபடம் போல இருந்தது. ஊர் எல்லையில் மழைநீர்த் தொட்டி. அங்கே பாதை இரண்டாகப் பிரியும். வலப்பக்கம் போனால் முசுக்கொட்டை மரம். அதைத் தாண்டி மூன்றாவது வாசல். ஊர் இடிபடுவதற்கு முந்தைய செயற்கைக்கோள் படம் ஒன்றைத் தேடி எடுத்து அதன் மேல் இதை வைத்துப் பார்த்தேன். ஒரு சாண் பிசகவில்லை.

"இவ்வளவு துல்லியமா எப்படிம்மா ஞாபகம் இருக்கு?" என்று கேட்டேன்.

அந்தக் கேள்வியை முதல் நாளே கேட்டிருக்க வேண்டும். இயந்திரம் செய்யும்போதே கேட்டிருக்க வேண்டும்.

ஊரை விட்டு வந்தபின் ஸர்காவில் ஒரே அறையில் அவர்கள் ஏழு பேர். வெள்ளிக்கிழமை மதியச் சாப்பாடு முடிந்ததும் அப்பா பிள்ளைகளை வட்டமாக உட்காரவைத்து, "வாங்க, ஊட்டுக்குப் போலாம்" என்பாராம். தண்ணீர்த் தொட்டியிலிருந்து கிளம்ப வேண்டும். ஒருவர் விட்ட இடத்திலிருந்து அடுத்தவர் தொடர வேண்டும். எத்தனை அடி, எத்தனை படி, எந்தக் கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்று சொல்லிக்கொண்டே போக வேண்டும். யாராவது தப்பாகச் சொன்னால் எல்லோரும் மறுபடி தொட்டிக்குத் திரும்ப வேண்டும். அத்னான் பந்து விளையாட ஓடிவிடுவான். இப்திசாம் ஓடவில்லை. அப்பா இறந்தபின் தன் மகள்களை உட்காரவைத்தார். அவர்களும் கல்யாணமாகிப் போனபின் தனியாகவே போய் வந்தார்.

"நாப்பத்தேழு வருசம். ஒரு வெள்ளிக்கெழம உடலீங்க."

இஷ்டப்பட்டு வீடு மாறியவனுக்கு வீடு மறக்கும். பிடுங்கப்பட்டவன் மறக்க மாட்டான், மனசால போய் வந்துகொண்டே இருப்பான். போய்ப் போய்த் தேய்ந்த தடம் இயந்திரத்துக்கு உருப்போட்ட பாடம் மாதிரி தெரிந்தது. இதை யோசிக்க ஒரு அகதியாவது எங்கள் அறையில் இருந்திருக்க வேண்டும். இருந்தவர்கள் எல்லோரும் வாடகைக்குக் குடியிருந்தவர்கள்.

அன்றைக்கே, தோற்றுப்போன பன்னிரண்டு பேருக்கு ஹிஷாமை விட்டு போன் செய்யச் சொன்னேன். ஒன்பது பேரிடம் ஏதோ ஒரு வடிவத்தில் அந்தப் பழக்கம் இருந்தது. ஒருவர் ஒவ்வொரு பெருநாளுக்கும் வீட்டைச் சுவரில் கரியால் வரைந்துவிட்டு அழிப்பவர். இன்னொரு பெண்மணி தூக்கம் வருவதற்காக ஊர்க் கதவுகளை எண்ணுகிறவர்.

சென்னைக்குப் பேசினேன். எங்கள் கம்பெனியை நடத்துகிற கஜலட்சுமி மேடம் கெட்டவர் அல்ல. நான் சொன்னதை முழுசாகக் கேட்டார்.

"மாசிலா, நீ சொல்றது சரியாவே இருக்கட்டும். ஏழாயிரம் பேர் ஃபெயில், நாலாயிரம் பேர் பாஸ். மெஷின் தப்புன்னு நாமளே லெட்டர் குடுத்தா அந்தத் தரப்பு என்ன சொல்லும்? அப்ப பாஸ் போட்டதும் தப்புதானேம்பாங்க. அதுக்குத்தான் அவங்க காத்துக்கிட்டிருக்காங்க. நாலாயிரம் பேர் பெட்டி கட்டி வச்சுக்கிட்டு உக்காந்திருக்காங்க. அவங்க தலையில மண்ணை வாரிப் போடச் சொல்றியா?"

"அப்ப இந்த ஏழாயிரம் பேரு மேடம்?"

"பட்டியல் கையெழுத்தாகட்டும். அடுத்த சுத்துல சரி பண்ணிடலாம்."

"அடுத்த சுத்துன்னு ஒண்ணு இருக்கா?"

"இருக்கும்னு நம்புவோம்."

அவர் சொன்னது தப்பு என்று இன்றுவரை என்னால் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. சரி என்றும் சொல்ல முடியவில்லை. ஆணையத்துக்கு ஒரு கடிதம் எழுதினேன், நான்கு பக்கம். அது என் கணினியிலேயே இருக்கிறது. ஏழாயிரம் பேருக்காக வாய் திறக்கத் துணிவில்லாதவன், ஒருத்திக்காவது குறுக்கு வழி தேடலாம் என்று கிளம்பினேன். முப்பதுக்கும் அறுபதுக்கும் இடையில் வாங்கியவர்களுக்கு நாற்பத்தைந்து நாள் கழித்து ஒரு மறுசோதனை உண்டு. அந்த விதி மட்டும்தான் எங்களுக்குக் கிடைத்தது.

"ஹிஷாம், ஒரு ஞாபகத்தைக் கலைக்க முடியுமா? அழிக்க வேணாம். கொஞ்சம் கலைச்சு விடணும்."

ஹிஷாம் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "விபத்துல மாட்டுனவங்களுக்குக் குடுக்கற மாத்திரை ஒண்ணு இருக்குதுங்ணா. நெனப்பு மேல வந்து நிக்கறப்பப் போட்டா, அது திரும்பி உள்ள போய்க் கெட்டியா உக்காராதுங். அந்த நேரத்துல வேற எதையாச்சும் சொன்னா அதுவும் கூடச் சேந்துக்கும்." பிறகு மெதுவாகக் கேட்டார். "நெசமாலுமே செய்யப் போறீங்களாங்ணா?"

நாங்கள் சொன்னதை இப்திசாம் குறுக்கிடாமல் கேட்டார். ஊட்டை வாங்கோணும்னா ஊட்டை மறக்கோணும், அப்படித்தானே என்று ஒரே வரியில் சுருக்கினார். எத்தனை நாள் என்று கேட்டார். நாற்பது என்றேன்.

"பொறகு திரும்பி வருமாங்கறாங்க."

"வந்துடும்மா. வீட்டை நேர்ல பார்த்ததும் எல்லாம் வந்துடும்."

எனக்கு அது தெரியாது. எந்த ஆராய்ச்சியும் அப்படிச் சொல்லவில்லை. அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு என் வாயில் வந்ததைச் சொன்னேன். அவர் நம்பினார்.

தினமும் மாலை அவர் வேலை முடிந்து வந்ததும் ஸர்காவுக்குப் போவோம். மரமியா இலை போட்ட டீ கொடுப்பார். ஒரு மாத்திரை. பிறகு கண்ணை மூடிக்கொண்டு தொட்டியிலிருந்து கிளம்புவார். ஹிஷாம் குறுக்கே விழுந்து, இல்லை, இடப்பக்கம், சமையலறை இந்தப் பக்கம், பின்கதவு அந்தப் பக்கம் என்று வேறொரு வீட்டைச் சொல்லிக்கொண்டே போவார். அவர் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். நான் ஒரு ஓரத்தில் உட்கார்ந்து கையடக்கக் கருவியில் எண்களைக் குறித்துக்கொண்டிருப்பேன்.

முதல் பத்து நாள் ஒரே கூத்து. அவருக்கு வாய் வராது. வலப்பக்கம் என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொள்வார். "எங்கப்பன் மட்டும் இப்ப எந்திரிச்சு வந்தாருன்னா உன்னைச் செருப்பாலயே அடிப்பாருடா" என்று ஹிஷாமைத் திட்டுவார். அதையும் ஹிஷாம் எனக்குக் கடமையாக மொழிபெயர்த்துச் சொல்வார். மூவரும் சிரிப்போம். வெள்ளிக்கிழமை மதியங்களில் தன்னை அறியாமல் மனசால பழைய வழியில் கிளம்பிவிடுவதாகச் சொன்னார். அந்த நேரத்தில் தொலைக்காட்சியைச் சத்தமாக வைத்துக்கொள்ளுங்கள் என்று யோசனை சொன்னவனும் நான்தான்.

முப்பத்தோராம் நாள் நாங்கள் போனபோது டீ போடவில்லை.

"ஆட்டுப்பட்டி தொட்டிக்கு அந்தப் பக்கமா, இந்தப் பக்கமான்னு கேக்கறாங்கண்ணா. காலையில இருந்து யோசிச்சுட்டே இருக்கறாங்களாமா."

ஹிஷாம் என்னைப் பார்த்தார். எனக்குப் பதில் தெரியும். அவருடைய முதல் பதிவை அத்தனை முறை போட்டுப் பார்த்ததில் அந்த வீடும் வழியும் எனக்குக் கரைத்துக் குடித்த பாடமாகியிருந்தது.

"நல்லா வேலை செய்யுதுன்னு சொல்லு" என்றேன்.

ஹிஷாம் சொன்னார். இப்திசாம் தலையசைத்தார். மேஜை விரிப்பை எடுத்து மடித்தார், மறுபடி விரித்தார்.

"அப்பா மொகமும் கூடவே போகுதுங்க" என்றார். "அவரு எப்பவும் அந்த ஊட்டுக்குள்ளதான நின்னுட்டு இருந்தாரு."

நிறுத்தியிருக்கலாம். அன்று நிறுத்தியிருந்தால் பாதி வீடாவது அவரிடம் இருந்திருக்கும். இன்னும் ஒன்பது நாள்தானே என்று நினைத்தேன்.

மறுசோதனையில் எழுபத்தொன்று வந்தது. தட்டு நிறையக் கினாஃபே என்ற பாலாடைக்கட்டி இனிப்பைக் கொண்டுவந்து அலுவலகத்தில் எல்லோருக்கும் ஊட்டிவிட்டார், காவலாளிக்குக்கூட. என் வாயிலும் ஒரு துண்டு. திரையில் அவருடைய புதிய வீட்டைப் பார்த்தேன். சுவர்கள் பாதியில் நின்றன. சமையலறை மிதந்தது. எங்கள் சென்னைக்காரர்களின் வீடு மாதிரி அருமையாக இருந்தது.

மூன்று வாரத்தில் அனுமதி வந்தது. இயந்திரத்தின் சார்பில் நானும் கூடப் போக வேண்டும் என்று ஆணையம் சொன்னது. எல்லையில் இருக்கிற நதிப் பாலத்தில் என் இந்தியப் பாஸ்போர்ட்டுக்குப் பத்து நிமிடம் ஆயிற்று. முத்திரை குத்திய பெண் அதிகாரி 'நல்வரவு' என்றுகூடச் சொன்னார். இப்திசாமும் ஹிஷாமும் காலை எட்டு மணிக்கு நுழைந்த தகரக் கொட்டகையிலிருந்து பிற்பகல் இரண்டேகாலுக்கு வெளியே வந்தார்கள். இப்திசாமின் பையை மூன்று முறை கொட்டிப் பார்த்திருக்கிறார்கள். வந்த நோக்கம் என்ன, சுற்றிப் பார்க்கவா என்று கேட்டார்களாம். "ஊட்டுக்குப் போறேன்னு சொன்னனுங்க" என்றார். ஆறு மணி நேரம் நின்ற களைப்பே அந்த முகத்தில் இல்லை.

மலைமேல் நஜ்மா. மேட்டில் முள்வேலி போட்டுப் புதிய குடியிருப்பு ஒன்று, வரிசை வரிசையாகச் சிவப்புக் கூரைகள். கீழே சரிவில் அடித்தளக் கற்கள் மட்டும் பல்வரிசை போலத் தெரிந்தன. அதுதான் ஊர். ஊர் எல்லையில் ஒரு கண்டெய்னர் அலுவலகம். உள்ளே இருந்து வந்த, ஊரை இடித்த தரப்பின் அலுவலர் எங்கள் காகிதங்களை நிதானமாகப் பார்த்தார். பிறகு, இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது என்றார்.

போன வாரம் சேர்த்த விதியாம். மனுதாரர் ஊர் எல்லையிலிருந்து தன் வீட்டுக்குத் தானே வழிகாட்டிப் போக வேண்டும். அரை மணி நேரம். யாரும் பேசக் கூடாது, சைகை காட்டக் கூடாது, காட்டினால் மனு ரத்து. சரியான இடமா என்று ஒத்துப் பார்க்க அலுவலர் கையில் ஒரு திரை இருந்தது. அதில் நஜ்மாவின் பழைய செயற்கைக்கோள் படம். ஆணையம் சான்றாக ஏற்க மாட்டேன் என்ற அதே படம். சாண் ஏறினால் முழம் சறுக்குவது கேள்விப்பட்டிருக்கிறேன். சறுக்குவதற்கென்றே எண்ணெய் ஊற்றி வைத்திருப்பதை அன்றுதான் பார்த்தேன்.

"ஆணையத்துக்கு இந்த விதி தெரியுமா?" என்று கேட்டேன்.

"கடிதம் அனுப்பியிருக்கிறோம்" என்றார் அலுவலர். "ஏன் பதறுகிறீர்கள்? சொந்த வீட்டுக்கு வழி தெரியாதா அவருக்கு?"

இப்திசாம் அதைக் கேட்டுச் சிரித்தேவிட்டார். அவருக்குப் பயம் இல்லை. பார்த்ததும் எல்லாம் வந்துவிடும் என்று அவரிடம் ஒருவன் சொல்லியிருந்தான்.

தண்ணீர்த் தொட்டி அப்படியே இருந்தது. பாதை அங்கே இரண்டாகப் பிரிந்தது. இப்திசாம் நின்றார். காற்று வேகமாக அடித்தது. அவர் வலப்பக்கம் பார்த்தார், கொஞ்ச நேரம் பார்த்தார். முசுக்கொட்டை மரம் எப்போதோ போய்விட்டது, ஒரு பட்ட கட்டை மட்டும் நின்றது. அந்தக் கட்டையைத் தாண்டி மூன்றாவது வாசல். எழுபது அடிகூட இருக்காது. நான் கண்ணை மூடிக்கொண்டு போய்விடுவேன். என் பக்கத்தில் ஹிஷாம் உதட்டை அழுத்திக்கொண்டு நின்றார். அலுவலர் தொட்டியைப் பார்க்கவில்லை, எங்கள் இருவரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் தலையைக் குனிந்து தரையைப் பார்த்தேன்.

மறுபடி நிமிர்ந்தபோது இப்திசாம் இடப்பக்கம் திரும்பி நடந்துகொண்டிருந்தார். தடுமாற்றமே இல்லாத நடை. அந்தப் பக்கம் போகச் சொல்லி நாற்பது நாள் கற்றுக்கொடுத்தது நாங்கள்.

சரிவில் இறங்கி, நெருஞ்சி மண்டிய ஒரு கல் சதுரத்துக்கு முன்னால் போய் நின்றார். செருப்பைக் கழற்றினார். உள்ளே காலை வைத்தார். சத்தமாக ஏதோ சொல்லத் தொடங்கினார். ஹிஷாம் அலுவலரைப் பார்த்தார். பேசலாம், முடிந்துவிட்டது என்பது போல அலுவலர் கையசைத்தார்.

"இதுதானாமுங்ணா. பாருங்க, இங்க சமையக்கட்டாமா. இங்க பொறக்கதவாமா" என்று ஹிஷாம் தட்டுத் தடுமாறி மொழிபெயர்த்தார். இப்திசாம் கைநீட்டிக் காட்டிக்கொண்டே போனார். அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும் இருந்தார். "பொறகால ஒரு செடி நின்னுச்சாமா. அம்மா கொத்தா எலைய உருவிக் காயற எண்ணெயில போடுவாங்களாமா. படபடன்னு வெடிக்குமாமா. அந்த வாசம்..."

ஹிஷாம் நிறுத்திவிட்டார். நான் அவரைப் பார்த்தேன். பாலஸ்தீனத்து மலையில் ஏது கறிவேப்பிலை?

"நீ எந்த வீட்டைப்பா சொல்லிக்குடுத்த?"

"சும்மா புளுகுனா மனசுல நிக்காதுங்ணா" என்றார் ஹிஷாம், தரையைப் பார்த்துக்கொண்டு. "பீளமேட்டுல நான் வாடகைக்கு இருந்தனுங்களே, அந்த ஊடுங்."

அலுவலர் திரையில் இரண்டு முறை தட்டினார். நஜ்மாவின் பழைய படத்தின் மேல் ஒரு சிவப்புக் குறி விழுந்தது. முடிவு பத்து நாளில் தபாலில் வரும் என்று எங்களிடம் பொதுவாகச் சொல்லிவிட்டு, கண்டெய்னரைப் பார்த்து நடந்தார்.

இப்திசாம் அதைக் கவனிக்கவே இல்லை. கற்களுக்கு நடுவில் நின்றுகொண்டு எங்களைக் கூப்பிட்டார்.

"நாப்பத்தேழு வருசத்துல ஊட்டுக்கு வர்ற மொத விருந்தாளி நீங்களாமுங்ணா" என்றார் ஹிஷாம். "உள்ள வந்து உக்காரோணுமாமா."

நான் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன்.